காகிதம் கிழிந்தால் கம்பி போச்சு

சென்ட் லோரன்டில் கணக்கு எழுதுகிறவனுக்கும் பாய்ப்படகுக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். கோடையில் நண்பரின் பழைய படகில் சென் லூயி ஏரிக்குப் போவேன், அவ்வளவுதான். நண்பர் வல்வெட்டித்துறைக்காரர், அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை பாய்விரித்துப் போனது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

சென்ற ஆண்டு நடு ஏரியில் சுக்கான் சக்கரம் கையில் சும்மா சுழன்றது. கம்பிவடம் அறுந்துவிட்டது. நீரோட்டத்தோடு கீழே போனால் லஷீனின் பாறைச் சுழிகள். நங்கூரம் போட்டோம். அவசரக் கைப்பிடி இருந்தது. ஆனால் அதைச் செருகும் துவாரத்தின் மூடி இறுகிப்போயிருந்தது. திறக்க அரைமணி நேரம்! வருடத்தில் ஒருமுறையாவது அதைத் திறந்து, கைப்பிடியைப் பொருத்திப் பாருங்கள்.

சக்கரத்தைத் திருப்பினால் தூணுக்குள் சங்கிலி நகரும். அதில் இணைத்த கம்பிவடம் கப்பிகளைச் சுற்றிப்போய்ச் சுக்கான் தண்டைத் திருப்பும். கப்பியில் வளையுமிடத்தில்தான் வடத்தின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய காகிதத்தில் எண்ணெய் தோய்த்து வடத்தைத் துடையுங்கள். காகிதம் சிக்கிக் கிழிந்தால் இழை அறுந்திருக்கிறது, வடத்தை மாற்றுங்கள். வெறும் விரலால் தடவவேண்டாம், குத்தும். வடம் தளர்ந்திருந்தால் கப்பியைவிட்டு நழுவும், அதையும் முறுக்கிவிடுங்கள்.

இந்த மே மாதம் படகை இறக்குமுன் நான் விளக்குப் பிடிக்க, நண்பர் துடைத்தார். இடப்பக்கக் கப்பியருகே காகிதம் கிழிந்தது.