காரையை நீக்கினால் பல் தேயுமா?

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பல் வைத்தியரிடம் பல்லைச் சுத்தஞ் செய்வித்தால் பல் தேய்ந்துவிடும், ஆட்டங் காணும் என்ற அச்சம் நம் பெரியோரிடையே நெடுங்காலமாக உண்டு. இளைஞரிடையேயோ இதற்கு மாறான ஓர் ஆசை: அடிக்கடி மினுக்குவித்தால் பற்கள் முத்துப்போல் வெளுத்துவிடும் என்பது. இவ்விரண்டிலும் உண்மை எவ்வளவு என்பதை இன்று ஆராய்வோம்.

பல்லின் வெளிப்படையை மிளிரி என்பர். நிறையில் நூற்றுக்கு 96 பங்கு கனிப்பொருளாலான அதனினும் வன்மையான பொருள் நம் உடலில் வேறில்லை. ஆயினும் அதனை ஆக்கிய கலங்கள் பல் முளைக்குங் காலத்திலேயே மறைந்துவிடுவதால், தேய்ந்த மிளிரி மீண்டும் வளராது. முரசுக்குள் இருக்கும் வேரை மூடுவதோ மெல்லிய சீமெந்துப் படை. பல்லின் கழுத்தருகே அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்குக்கு மேற்படாது. மிளிரி வலியது, வேர் மெலியது என்னும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க.

பல்லிற் படியும் ஊத்தைப் படலத்தை அன்றன்று நீக்காவிடின், உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் அதில் ஊறிச் சில நாட்களிலேயே அதனைக் காரையாக இறுக்கத் தொடங்கும். பின்னர் வேப்பங்குச்சியாலோ தூரிகையாலோ அது பெயராது. அதன் சொரசொரப்பிற் குடியேறும் கிருமிகள் முரசை வீங்கச் செய்து, பலருக்கு நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பையும் கரையச் செய்கின்றன.

இதற்கு நம் நாடே சாட்சி. நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவும் கூட்டாளரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரான 480 ஆடவரை 1970ஆம் ஆண்டில் பரிசோதித்து, 1985 வரை தொடர்ந்து கவனித்தனர். பற்சிகிச்சை என்பதே எட்டாத மக்கள் அவர்கள். அவர்களிடத்துச் சூத்தைப்பல் மிக அரிது. ஆயினும் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லின் பிடிப்பு விரைவாகவும், 81 பேருக்கு மிதமாகவும் அழிந்து சென்றது. தப்பியவர் 11 பேரே. சூத்தையில்லாத நல்ல பல்லும் பிடிப்பிழந்தால் விழும் என்பது இதனால் விளங்கும்.

இனிக் கருவியைப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டளவில் பல்லைக் குடைவதற்கே கழியொலி முதலிற் பயன்பட்டது. அப்போது பல்லை அரித்தது அதனுடன் சேர்த்த உராய்வுப் பொடி. அப்பொடியின்றியே காரையை அகற்றலாம் என்பது 1955இல் வெளியாயிற்று. கருவியின் நுனி ஒரு செக்கனுக்கு 25,000 முதல் 45,000 தடவை வரை அதிர்கின்றது. 20,000க்கு மேற்பட்ட அதிர்வு நம் செவிக்கு எட்டாது. நுனி அசையுந் தூரமோ பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கு உட்பட்டது. கூடவே பாயும் நீர் சூட்டைத் தணித்து, உடைந்த காரையைக் கழுவிச் செல்கின்றது.

நுனியைப் பல்லோடு படியப் பிடித்து, மெல்லென வருடினால் மிளிரிக்கு ஊறு மிகச் சொற்பமே. நுனியைக் குத்திட்டு நிறுத்தி அழுத்தினால் வேரிற் கீறலும் பள்ளமும் விழும். நீர் போதாவிடின் பல்லின் உள்ளிருக்கும் உயிர்ப்பகுதி சூட்டால் வருந்தும். எனவே குறை கருவியினுடையதன்று, கையினுடையது.

அங்ஙனமாயின் சுத்தஞ் செய்தபின் பல் ஆடுவதேன்? எலும்பு முன்னரே கரைந்துவிட்டது. பற்களை ஒட்டிப் பிடித்திருந்த காரை அதை மறைத்து நின்றது. அது நீங்கியதும் உண்மை வெளிப்படுகின்றது. சில நாட் கூச்சமும் மூடியிருந்த வேர் வெளிப்பட்டதால் வருவதே.

மினுக்குதல் வேறு. இறப்பர்க் கிண்ணமும் பசையுங் கொண்டு தேய்க்கையில் வெற்றிலை, தேநீர்க் கறைகள் நீங்கும். பல்லின் இயற்கை நிறம் மாறாது. ஒவ்வொரு முறையும் மிக நுண்ணிய அளவு மிளிரியும் போகும்; வேர் வெளிப்பட்ட இடத்தில் தேய்வு இன்னும் அதிகம். வழவழப்பிற்கும் ஓர் எல்லையுண்டு. மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்தபின், மேலும் மினுக்குவதால் ஊத்தை படிவது குறைவதில்லை என 1997இல் வெளியான ஓர் ஆய்வுரை கூறிற்று. உமிக்கரியும் செங்கட்டித் தூளுங் கொண்டு நாள்தோறும் அழுத்தித் தேய்ப்பதும் பல்லுக்கு ஆகாது.

பெரியோர்களே, காரை நீக்க அஞ்சாதீர்கள். அஞ்சத்தக்கது காரையே. வாலிபர்களே, கறையிருந்தால் மினுக்குவியுங்கள். அழகுக்கென மிளிரியைச் செலவிடாதீர்கள். தகுதிபெற்ற வைத்தியரையே நாடுங்கள். பற்கூச்சமோ வேர் வெளிப்பட்டிருத்தலோ இருப்பின் முன்கூட்டியே அவரிடஞ் சொல்லுங்கள். அவர் நீக்கிய ஊத்தை மீண்டும் படியத் தொடங்குவது அன்றே. அதை இறுக விடாதிருப்பது காலையும் இரவும் நம் கையிலேயே உள்ளது.