கையில் கேமரா, எதிரில் காக்கி

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"வேலை வாய்ப்பு பற்றி நாலு வார்த்தை பேசுப்பா" என்றார் நம் செயலாளர். அதைப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். தம்பிமார் என்னிடம் அடிக்கடி கேட்கும் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "அண்ணே, நடுரோட்டில் ஒரு போலீஸ்காரர் யாரையோ போட்டு அடிக்கிறார். நான் செல்போனில் படம் எடுத்தா என்னையும் உள்ளே வச்சிடுவாங்களா?"

இந்தக் கேள்வி அமெரிக்காவில் நேராகவே கோர்ட் ஏறியது. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்ததை, ஒரு பிளம்பர் தன் வீட்டு பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. ஆனாலும் 1992-ல் மாநில நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஊரே பற்றி எரிந்தது. 1993-ல் மத்திய அரசின் நீதிமன்றத்தில்தான் இருவர் தண்டனை பெற்றார்கள்.

அங்கே அடித்தவர்கள் மேல் வழக்கு. பாஸ்டனிலோ, படம் எடுத்தவர் மேலேயே வழக்கு! 2007-ல் அந்நகரப் பூங்காவில் ஓர் இளைஞரைப் போலீசார் கைது செய்வதை சைமன் கிளிக் என்ற வக்கீல் செல்போனில் எடுத்தார். ஒட்டுக்கேட்புச் சட்டத்தை அவர்மீதே பாய்ச்சினார்கள். எதிரே நின்று எல்லாரும் பார்க்க எடுத்தது ஒட்டுக்கேட்பா? வழக்கு தள்ளுபடியானது. கிளிக் விடவில்லை, திருப்பி வழக்குப் போட்டார். பொது இடத்தில் கடமையாற்றும் போலீசாரைப் படம் எடுப்பது பேச்சுரிமையில் அடங்கியது என்று 2011-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-ல் பாஸ்டன் நகரம் 1,70,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

சரி, நம்ம ஊர்க் கதை என்ன? பொது இடத்தில் போலீசாரைப் படம் எடுக்காதே என்று தனிச் சட்டம் ஏதும் கிடையாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தைச் சிலர் காட்டுவார்கள். அந்தச் சட்டம் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இட'த்தில் காவல் நிலையம் சேராது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-ல் சொல்லிவிட்டது. ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்ததாகப் போட்ட வழக்கே ரத்தாயிற்று.

ஆனால் ஒன்று. எடுப்பது வேறு, குறுக்கே விழுவது வேறு. அரசு ஊழியரின் பணியைத் தடுப்பது குற்றம்தான். ஆகவே பத்தடி தள்ளி நில்லுங்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள். வாய்ச்சண்டை வேண்டாம். அளவுகோல் அளக்கப்படும் பொருளை அசைக்கக் கூடாது என்று நம் லேபில் படித்தோமே, அதே விதிதான் இங்கும்.

அடுத்தது, நம் தொழில் சம்பந்தப்பட்டது. எடுத்த படத்தை உடனே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். அது கோப்பைச் சுருக்கிவிடுகிறது. எடுத்த தேதி, நேரக் குறிப்புகளும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பைக் குறிக்க வேண்டும். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எனவே மூலக் கோப்பை வெட்டாமல், ஒட்டாமல், பாட்டுப் போடாமல் போனிலேயே வைத்திருங்கள். இன்னோர் இடத்தில் அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பாதிக்கப்பட்டவர் பெண்ணோ குழந்தையோ என்றால் ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள். வக்கீலிடமோ நீதிமன்றத்திடமோ கொடுங்கள்.

இது போலீசுக்கு எதிரான பேச்சு அல்ல. என் உறவினர் ஒருவரும் காக்கிதான் போடுகிறார். வெயிலில் நின்று ஒழுங்காக வேலை பார்க்கும் ஏட்டையா மீது பொய்ப் புகார் வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் அதே வீடியோதான். சோதனையும் பறிமுதலும் செய்யும்போது போலீசாரே வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. கேமரா இருப்பது நல்லது என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரை அடிப்பதை யாரோ ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. அதை எடுத்த கை நடுங்கியிருக்கும், சந்தேகமில்லை. நடுங்கினாலும் எடுத்ததே, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு அந்தச் சூழ்நிலை வரவே வேண்டாம். வந்தால் சட்டம் தெரிந்து, தள்ளி நின்று, முழுசாக எடுங்கள்.