தயிர்ச்சட்டி மீன்கள்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் புத்தகக் குழுவினர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை எதற்குச் செலவிடலாம் என்று இன்று பல யோசனைகள் வந்துள்ளன. நுழைவாயில் வளைவு வேண்டும் என்போரின் ஆசையும் நியாயமானதே. நாங்கள் கேட்பது 32 பக்கங்களில் ஒரு சிறுவர் படப்புத்தகம். விடயம் டெங்கு.

2017இல் மட்டும் இலங்கையில் டெங்கு என்ற சந்தேகத்தில் பதிவானோர் 186,101 பேர். இறந்தோர் நானூறுக்கும் மேல். அதன் பின்னும் மாரி பிறந்தால் எங்கள் ஊர்களில் அதே பயம்தான். ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள், துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள். எல்லாம் பெரியவர்களுக்கு. ஆனால் வீட்டின் பின்பக்கத்தில் என்னென்ன கிடக்கின்றன என்பது வீட்டுக்காரரைவிட ஏழு வயதுப் பிள்ளைக்கே நன்றாகத் தெரியும்.

எங்கள் முதல் பிரதியை இங்கே காட்ட வெட்கமாக இருக்கிறது. மட்டக்களப்பு என்றவுடன் பாடும் மீனைப் பிடித்துவிட்டோம். அது வாவியிலிருந்து தலையை நீட்டி, சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்திருங்கள் பிள்ளைகளே என்று பன்னிரண்டு பக்கம் பாடியது. அதை வாசித்த ஒரு பதிப்பகத்தார், "இது கதையில்லை, சுவரொட்டி" என்று திருப்பி அனுப்பினார். கோபம் வந்தது உண்மைதான். பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு வாசித்துக் காட்டினோம். ஒரு சிறுவன் கேட்டான்: "மீனுக்கு டெங்கு வருமா, ரீச்சர்?" வராது என்றோம். "அப்ப அது ஏன் கத்துது?" அத்தோடு மீனை வாவியிலேயே விட்டுவிட்டோம்.

இப்போதுள்ள கதை இது. ஒரு சிறுமி வெறும் தயிர்ச்சட்டிகளைச் சேர்த்து வைத்துச் சோறு கறி ஆக்கி விளையாடுகிறாள். மழை பெய்கிறது. சட்டித் தண்ணீரில் ஏதோ நெளிகின்றன. மீன்குஞ்சுகள் என்று நினைத்துப் பெயர் வைத்து, சோற்றுப் பருக்கை போட்டு வளர்க்கிறாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சட்டியில் ஒன்றுமில்லை. மீன்களை யார் தின்றது? பக்கத்தைப் புரட்டினால் சுவரில் கறுப்பும் வெள்ளையுமான கால்களோடு நுளம்புகள். வேறெதையும் இந்தக் கதை சொல்வதில்லை. குடம்பி எப்படி நுளம்பாகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடுகிறது.

இதிலும் பிழை விட்டோம். சிறுமியின் தம்பிக்குக் காய்ச்சல் வருவதாக எழுதியிருந்தோம். எங்கள் சங்கத்து வைத்தியத் தங்கை ஒருத்தி அந்தப் பக்கத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு எங்களிடம் கேட்டாள்: "உண்மையிலேயே தம்பியைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை இதை வாசித்தால் என்ன நினைக்கும்? தன்னால்தான் என்று நினைக்காதா?" நாங்கள் வாயடைத்துப் போனோம். விஞ்ஞானமும் அவள் பக்கமே. சாதாரணமாக நுளம்பு கிருமியோடு பிறப்பதில்லை. நோயாளி ஒருவரைக் கடித்து, அதன் பின் 8 முதல் 12 நாள் வரை கழிந்த பிறகே மற்றவருக்குக் கடத்தும். ஆகவே இப்போது காய்ச்சல் சிறுமியின் சட்டியிலிருந்து வரவில்லை, மீன்களுக்கு முன்பே அயல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த அயல் வீட்டு மாமா வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்து சிறுமியோடு சேர்ந்து சட்டி தேய்க்கிறார்.

தேய்ப்பது முக்கியம். தண்ணீரைக் கவிழ்த்தால் போதும் என்றே நாங்களும் நம்பியிருந்தோம். ஆனால் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. ஆகவே சிறுமி தும்பு எடுத்துத் தேய்க்கிறாள்.

உவர்த் தண்ணீரில் இந்த நுளம்பு பெருகாது என்ற வரியையும் அதே தங்கைதான் எடுக்கச் சொன்னாள். இலங்கைக் கரையோரங்களில் கைவிடப்பட்ட வள்ளங்களிலும் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில்கூட டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. வாவிக்கரையில் கிடக்கும் ஓட்டைத் தோணி ஒன்று கடைசிப் படத்தில் வந்தது அப்படித்தான். படம் கீறிய அக்காவுக்கு அதில்தான் பெரிய சந்தோசம்.

பெரியவர்களுக்குப் பின்னட்டையில் ஒரேயொரு விடயம் வைத்திருக்கிறோம்: காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம், வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு கண்டால் ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

கதையால் சுகம் வருமா என்று சிலர் சிரிக்கிறீர்கள். 1996இல் இதே மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணாத்திப்பூச்சி சமாதானப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். போர் தின்ற பிள்ளைகளுக்கு அங்கே யாரும் பிரசங்கம் செய்யவில்லை. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஆரம்ப வகுப்புகளுக்கு இந்தப் புத்தகம் இலவசமாகப் போக வேண்டும். அச்சுச் செலவுக் கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. அதில் வண்ண அச்சே பெரும் பங்கு, அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கறுப்பு வெள்ளையில் நுளம்பின் கால் வரிகள் தெரியும், மாமாவின் முகம் வெளிறியது தெரியாது. ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்காக, பெங்களூர் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தோடு வெளியிட எண்ணியிருக்கிறோம். அங்கே வந்துவிட்டால் யாரும் எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். சிங்களத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இப்போதே கையை உயர்த்தினால் நல்லது.

மாதிரிப் புத்தகம் முன்வரிசையிலிருந்து வருகிறது. ஒரேயொரு பிரதிதான், கையால் கீறியது. வாக்கெடுப்புக்கு முன் எல்லோரும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேநீர்க் கோப்பைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அக்கா.