சும்மா உட்காருவதற்கும் கூலி உண்டு

(காசிமேட்டில் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஓவியர் ஒருவர் ஆற்றிய உரை)



விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உங்களுக்கு இது கஷ்ட காலம். எனக்கோ உங்களில் யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்து முகம் எழுத வாய்க்கும் காலம். மற்ற நாளில் நடுஇரவில் கடலுக்குப் போகிறவனை, "காலையில் வந்து உட்காரப்பா" என்று எந்த வாயால் கேட்பது?

ஒரு தடைக்காலத்தில், கூடை வைத்து மீன் விற்கும் ஓர் ஆயாவிடம் போய், "உங்க முகத்தைத் தைல வர்ணத்தில் எழுதணும், கூலி தர்றேன்" என்றேன்.

"இன்னா நைனா, நான் இன்னும் சாவல. அதுக்குள்ள படமா?" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. ஏழை வீட்டுச் சுவரில் எந்த முகத்துக்கு இடம்? செத்தவர் முகத்துக்குத்தான், அதுவும் மாலையோடு. உயிரோடிருக்கையில் தைலவர்ணத்தில் எழுதப்பட்டவர் மகாராஜா, ஜமீன்தார், வெள்ளைக்கார கவர்னர். ரவிவர்மாவின் தூரிகை அரண்மனை அரண்மனையாகப் போய் வந்தது. அந்த வித்தையையும் சுலபத்தில் வெளியே விடவில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் மதுரை ராமசாமி நாயக்கர் தைலவர்ண ரகசியத்தைப் பொத்தி வைத்தார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளைதான் இளைஞர் ரவிவர்மாவுக்கு அதை ஒளித்துச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். கிளிமானூர் அரச குடும்பத்துப் பிள்ளைக்கே அந்தப் பாடு!

ஆயா வந்தார். 20 நிமிஷம் அசையாமல் இருப்பது, 5 நிமிஷம் இளைப்பாறுவது, பிறகு மறுபடி அதே இடம், அதே பார்வை. நாற்காலிக் கால்களையும் அவர் பாதங்களையும் சுற்றித் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தேன். விரல் அளவு நகர்ந்தாலும் மூக்கின் நிழல் மாறிவிடும். இரண்டாம் சுற்று முடிவதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "கூடையத் தூக்கிக்கினு நாலு தெரு நடந்துடலாம். இத்த முடியாது நைனா!"

தோழர்களே, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிறவன் ஒருவன். கழுத்து வலித்தவர் இன்னொருவர். ஆலையில் துணி நெய்தவன் பெயரா துணியில் இருக்கிறது?

ஒரே நாளில் ஏன் முடியாது என்று கேட்பீர்கள். தண்ணீர் வர்ணம் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும். தைலவர்ணம் அப்படிக் காய்வதில்லை. வர்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதல், மேல்பூச்சில் எண்ணெய் கூடுதல் என்பது இந்தத் தொழிலின் சட்டம். மாற்றிச் செய்தால் மேலே இறுகியபின் கீழே இழுக்கும், சில வருஷத்தில் முகம் வெடித்துப்போகும். ஆகவே பூசுவோம், காயவிடுவோம், மறுபடி ஆளைக் கூப்பிடுவோம். ஆயா ஒன்பது நாள் வந்தார். (ஈரப் பூச்சில் வந்து ஒட்டிய காசிமேட்டு ஈக்களின் கதையைத் தனியே பேச வேண்டும்.)

எழுதுகிற துணி கித்தான். உங்களுக்குப் புதிதல்ல, பாய் கட்டுகிற சரக்குத்தான். இத்தாலியில் வெனிஸ் துறைமுகத்துச் சித்திரக்காரர்கள், கடற்காற்றின் ஈரத்தில் சுவர்ச் சித்திரம் உதிர்வதைக் கண்டு, கப்பல்பாய்க் கித்தானில் எழுதத் தொடங்கினார்கள். ஆளிச் செடியின் நாரில் துணி, அதன் விதையில் எண்ணெய். வெள்ளை வர்ணத்துக்கு அந்தக் காலத்தில் ஈயம். அதை அரைத்த தொழிலாளி வயிற்றுவலியிலும் கைகால் விளங்காமலும் மாண்டான். இப்போதைய டைட்டானியம் வெள்ளைக்கு மூலம் இல்மனைட் என்னும் கருமணல். கன்னியாகுமரிக் கரையில் மணவாளக்குறிச்சியில் அதை அள்ளுகிறார்கள். கறுப்பு மணலிலிருந்து வெள்ளை வருகிறது!

கறுப்பு என்றதும் சொல்கிறேன். நம் முகம் எழுத உட்கார்ந்த பையன்கள் பலர் முதலில் கறுப்பு வர்ணத்தைத்தான் பிதுக்குகிறார்கள். அதை அப்பினால் முகம் செத்துவிடும். ஆயாவின் கன்னத்தில் செங்காவி இருந்தது. தாடைக்கடியில் பச்சை ஓடிய மஞ்சட்காவி. நெற்றி மேட்டில், நம்புங்கள், வெளிர்நீலம். வெயிலில் உழைத்த கருந்தோல் கண்ணாடி மாதிரி, வானத்தை வாங்கித் திருப்பிக் காட்டும். இதைப் புகைப்படத்தைப் பார்த்து எழுத முடியாது. ஆள் எதிரே இருக்க வேண்டும்.

வெளிச்சமும் அப்படித்தான். வடக்கு ஜன்னலில் உட்காரவை, அங்கே வெயில் வராது என்று சீமைப் புத்தகம் சொல்லும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கில் நிற்கிறான்! புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினேன். சரியாகிவிட்டது.

உழைப்பவனை உட்காரவைத்து எழுதியது புதிதல்ல. ருஷ்யாவில் ரெபின் 1870 கோடையில் வோல்கா கரைக்குப் போனார். படகைக் கயிறு கட்டி இழுக்கும் கூலிகளோடு பழகினார். அவர்களில் கானின் என்று ஒருவன், முன்பு பாதிரியாக இருந்தவன். அவனைக் கெஞ்சி நிற்கவைத்து எழுதினார். 1873இல் முடிந்த படத்தில் பதினொரு பேர் இழுக்கிறார்கள், முன்வரிசையில் கானின். நூற்றைம்பது வருஷம் கழித்தும் அந்தக் கூலியின் பெயர் நமக்குத் தெரிகிறது. காரணம், ரெபின் அதை எழுதிவைத்தார்.

பிரான்சில் கூர்பே 1849இல் சாலையோரம் கல்லுடைத்த இருவரைக் கண்டு, தம் அறைக்கு வரச்சொல்லி எழுதினார். அவர்கள் பெயர் அதிகம் பேருக்குத் தெரியாது. படமும் 1945இல் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. இந்தக் கூர்பேதான் 1871இல் பாரிஸ் கம்யூனில் சேர்ந்து சிறை போனவர்.

நம் ஊருக்கு வருவோம். பூந்தமல்லி நெடுஞ்சாலைச் சித்திரப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் ஹண்டர் என்ற வைத்தியர். இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்ததுதான் 1959இல் மெரினாவில் திறந்த உழைப்பாளர் சிலை. செய்தவர் பெயர் நமக்குத் தெரியும். அதற்கு மாதிரியாக நின்றவர் பெயரை உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்?

அங்கே படித்த இளையராஜா, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, நம் கறுத்த பெண்களின் முகத்தை அடுப்பங்கரை வெளிச்சத்தோடு எழுதினார். பத்திரிகை வழியாக அவை ஊரெல்லாம் போயின. 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று, வயது 42.

இனி கூலிப் பேச்சு. ஆயாவுக்கு முதல் நாள் நான் கொடுத்ததை அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "ஏலத்துக்குப் போயிருந்தா இத்தவிட வந்திருக்கும்." நான் உட்கார்ந்த மணிக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். போன வியாபாரத்தை எண்ணவில்லை. பிசகு என்னுடையது. மறுநாளிலிருந்து முழு நாள் கூலி, இடையே டீ. படம் விற்றால் அதிலும் பங்கு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். படத்தின் பின்பக்கம், அவர் சம்மதித்தபடி, அவர் பெயரும் நாளும் எழுதினேன்.

முடிந்த அன்று படத்தை உற்றுப் பார்த்தார். "எம் மூஞ்சிதான். ஆனா கூட எங்க?" என்றார்.

கூடை சட்டத்துக்குள் அடங்கவில்லை. அதற்குப் பெரிய கித்தானாக ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வலைக் கொட்டகையில் இருப்பேன். ஒரே ஒரு நாற்காலி, முதலில் வருகிறவருக்கு. கூலி அன்றன்றே. கூடை வைத்திருப்பவர் கூடையோடு வாருங்கள்.