மேட்டு விளைக்குக் காரை ஏற்றலாமா?



நெல்லுக்கு உரம், வாழைக்கு மருந்து என்று பேசுகிற நான் இன்று காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மேட்டு விளைகளுக்குப் போகிற செம்மண் பாதை மழைக்காலத்தில் சறுக்குமரம்தான். ரப்பர் ஷீட்டையும் மட்டிக் குலையையும் தலைச்சுமையாக இறக்க ஆள் கிடைப்பதில்லை. ஜீப் வாங்க எல்லோருக்கும் முடியுமா? வீட்டில் கிடக்கிற பழைய எஸ்டேட் காரை, அதுதான் பின்னால் சாமான் வைக்க நீளமாக இடம் விட்ட ஸ்டேஷன் வேகனை, மலை ஏற வைத்தால் என்ன என்று தோன்றுவது இயற்கை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரப்பர் விவசாயி என்னிடம் இதையே கேட்டார். அவரிடம் இருந்தது அம்பாசிடர் எஸ்டேட். "சாரே, வண்டியக் கொஞ்சம் பொக்கி வச்சா விளைக்குப் போவாதா?" என்றார். "போகும், பொக்குங்க" என்று நானும் தலையாட்டிவிட்டேன். விஞ்ஞானம் படித்தவன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள். முன்பக்கம் அம்பாசிடருக்கு முறுக்குக் கம்பி. அதையும் முறுக்கி ஏற்றினார்கள். வண்டி 3 அங்குலம் உயர்ந்தது. பார்க்க ஜீப் மாதிரிதான் நின்றது. ஆனால் முதல் வாரமே பாதையின் நடுவே துருத்திய பாறையில் பழைய இடத்திலேயே இடித்தது!

ஏன் என்று கேட்டால், வண்டியின் அடியில் எல்லாவற்றையும் விடத் தாழ்ந்து தொங்குவது பின் ஆக்சிலின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் கூடு. ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் ஆக்சிலுக்கும் பாடிக்கும் இடையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் உயரும், கூடு உயராது. கூட்டை உயர்த்த டயரைத்தான் பெரிதாக்க வேண்டும். அதிலும் டயரின் உயரம் 2 அங்குலம் கூடினால் கூடு 1 அங்குலம்தான் ஏறும்.

நம்மவர் டயரையும் மாற்றினார். 26 அங்குலம் இருந்த இடத்தில் 28. இப்போது மேட்டில் இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. கிளச் தீய்ந்த வாடை வந்தது. மீட்டர் 40 காட்டும்போது வண்டி உண்மையில் 43-ல் போனது. பிரேக் மட்டும் பழைய பிரேக். பாடி உயர்ந்ததில் ஆக்சிலுக்குப் போகிற பிரேக் ஹோஸ் விறைத்து நின்றதை யாருமே கவனிக்கவில்லை.

ஒரு புரட்டாசி மாதம். வண்டி நிறைய ஷீட், மேலே கேரியரில் வாழைக்குலைகள். பக்கவாட்டில் சரிந்த பாதையில் வளைத்தபோது வண்டி மெதுவாக, மாடு படுப்பது போல, ஒருச்சாய்ந்து படுத்தது. 3 அங்குலம் மட்டும் அதைக் கவிழ்க்கவில்லை. உயர்த்திய வண்டியின் தலையில் குலையையும் ஏற்றியதுதான் கவிழ்த்தது. உள்ளே இருந்த தம்பி மகனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வண்டியை மாற்றிவிட்டீர்கள் என்று சொல்லி இன்சூரன்ஸ் பணமும் தரவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதே சங்கடம் ஜப்பானிலும் வந்திருக்கிறது. அங்கே தோஹோகு மின்சாரக் கம்பெனிக்காரர்கள் பனி மூடிய மலையில் லைன் பார்க்க ஜீப்பில் குளிரில் நடுங்கிப் போனார்கள். ஜீப் போகிற இடத்துக்குப் போகிற, ஆனால் சொகுசான கார் வேண்டும் என்றார்கள். மியாகியில் சுபாரு கார் விற்கிற ஒரு டீலர், தன் ஒர்க்‌ஷாப்பிலேயே, முன்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண எஸ்டேட் வண்டிக்குப் பின் ஆக்சிலையும் சேர்த்து நான்கு சக்கரமும் இழுக்க வைத்தார். அதைப் பார்த்த சுபாரு கம்பெனி தானே சோதித்துச் செய்து, 1972-ல் லியோன் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. இங்கே கவனியுங்கள்: அவர்களுடைய முதல் கவலை உயரம் அல்ல, பிடிப்பு. நம் வண்டியும் பெரும்பாலும் சிக்குவது உயரம் போதாமல் அல்ல, சக்கரம் சும்மா சுற்றுவதால்தான்.

அதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. சேற்றுப் பாதைக்கு முன் டயர் காற்றை 18 பவுண்டு அளவுக்கு இறக்குங்கள். டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். தார் ரோட்டுக்கு வருமுன் பம்பால் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும், மறக்கக் கூடாது. பின்சக்கரம் இழுக்கிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், கை பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துப் பிடித்து மெல்ல ஆக்சிலேட்டர் கொடுங்கள். சுற்றுகிற சக்கரம் தடைபட, இழுவை மற்றதற்குப் போகும். இரண்டு சாக்கும் நாலு தென்னை மட்டையும் வண்டியில் எப்போதும் கிடக்கட்டும். சுமையைத் தரையில் வையுங்கள், கூரையில் வேண்டாம். ஓடையில் தண்ணீர் வேகமாக வந்தால் இறங்கவே வேண்டாம். எஞ்சின் காற்று இழுக்கிற குழாயில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடியில் ஆயில் சம்புக்குத் தகடு மாட்டுவதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஸ்பிரிங்குக்குப் போகிற பணத்தைப் பாதையில் போடலாம். மழைத் தண்ணீர் சக்கரத் தடத்திலேயே ஓடுவதால்தான் பாதை அரிக்கிறது. இருபது முப்பது அடிக்கு ஒரு இடத்தில் குறுக்கே சாய்வாகச் சிறு ஓடை வெட்டித் தண்ணீரை ஓரத்தில் இறக்கிவிட்டு, பள்ளத்தில் வெட்டுக்கல் சல்லி போட்டு இடித்துவிடுங்கள். பக்கத்து விளைக்காரரும் சேர்ந்தால் ஒரு வாரத்து வேலை.

அந்த ரப்பர் விவசாயி அப்படித்தான் செய்தார். பழைய பட்டையும் பழைய டயரும் மாட்டிக்கொண்டு அதே வண்டி இப்போது விளையின் அடிவாரம் வரை போகிறது. அங்கிருந்து மேலே நூறு கெஜம் நடைதான்.