வைரத்தோடும் மழைமானியும்

(பொம்மனஹள்ளி உறுப்பினர் கூட்டத்தில், பள்ளி மாணவிகளுக்குப் பரிசு வழங்கியபோது ஆற்றிய உரை)

பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பெண்களுக்கு சயன்ஸ் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். பின்வரிசையில் இருக்கும் பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பீர்மேட்டில் 1918-ல் பிறந்த ஒரு பெண். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு தருவது அவர்கள் வீட்டு வழக்கம். அவளோ, தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாதான் வேண்டும் என்றாள். (மாமிகள் சிரிப்பது கேட்கிறது!) அவர்தான் அன்னா மணி. சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் ஆனர்ஸ் முடித்து, 1940-ல் உதவித்தொகை பெற்று, இதே பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து, சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அங்கே அவருக்குக் கிடைத்த வேலையே வைரத்தின் ஒளியை ஆராய்வதுதான். ஒரு போட்டோ தகட்டில் நிறமாலை பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம்கூட ஆகும். பல இரவுகள் லேபிலேயே கழிந்தன.

ராமனும் பெண்களை எளிதில் ஏற்றவர் அல்லர். 1933-ல் கமலா பாக்வத் என்ற மாணவியை முதலில் மறுத்துவிட்டு, அவர் விடாப்பிடியாக நின்ற பிறகே, நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்.

அன்னா மணி ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியும், எம்.எஸ்ஸி. இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. 1945-ல் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-ல் திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். சுமார் நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழி பண்ணினார். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன், இது கட்டுரை எழுதுவதைவிடக் கடினம். 1976-ல் துணை டைரக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

பெற்றோர்களே, பெண் இன்ஜினியரிங் படித்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போவதை இன்று நாம் யாரும் தடுப்பதில்லை. அவளே, "பிஸிக்ஸில் பிஎச்.டி. பண்ணப்போகிறேன்" என்றால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. "அதுக்கு அஞ்சு வருஷம் ஆகுமே, கல்யாணம் எப்போ?" பிள்ளையிடம் இதை நாம் கேட்பதில்லை. 2023 செப்டம்பர் 2-ம் தேதி சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, நம் செங்கோட்டைப் பெண்மணிதான்.

குழந்தைகளே, அடி தட்டையாக, பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டப்பாவை மொட்டை மாடியில் திறந்த இடத்தில் வையுங்கள். வானிலைத் துறையைப் போலவே தினமும் காலை எட்டரை மணிக்கு, தேங்கிய தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிவிட்டு, டப்பாவைக் காலி செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உங்கள் மாடியின் பரப்பால் பெருக்கிப் பாருங்கள். பிறகு, டாங்கர் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார் என்று அப்பாவைக் கேளுங்கள்!

மூன்று மாதக் கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நோட்டுப் புத்தகம் என் செலவு. வாசலில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.