சத்தம் போடும் புஷ்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் முன்பக்கம் 'டக் டக்' என்கிறதா? அது காதில் விழாமலிருக்கச் சிலர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்! சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம்.

காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு, புஷ்ஷின் இரும்புக்கூடு துருவேறி ஆர்மோடு இறுகிவிடும். ரப்பரை எரித்து எடுக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். ஆர்மைக் கழற்றி, நீண்ட மரைக்கம்பி, நட்டு, வாஷர், தகுந்த குழாய்த்துண்டு வைத்து முறுக்கினால் புஷ் மெல்ல வெளியே வரும்.

புதியதைப் பொருத்தியதும், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே போல்ட்டை முழுதாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு சக்கர அலைன்மென்ட் பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு அவசியம்!